நாறத் தெரியாத ஏரி

அரசாங்கம் ஒரு ஏரியைப் பாதுகாக்க வேண்டுமென்றால், அந்த ஏரி முதலில் நாற வேண்டும். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். காய்ச்சல் இல்லாதவனை எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்க வைப்பதில்லை. இந்தச் சாதாரண விவரம் தெரியாமல் இலுப்பைக்குப்பத்து ஜனங்கள் தங்கள் ஏரியைச் சுத்தம் செய்து தொலைத்துவிட்டார்கள். அதனால் வந்த வினைதான் இது.

இலுப்பைக்குப்பம் ஆந்திர எல்லைக்குள், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்துப் பலகையில் தெலுங்கில் ‘இப்பகுப்பம்’ என்று எழுதியிருக்கும். ஊருக்குள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மலையில் பெய்கிற மழை ஒரு கால்வாயில் இறங்கி ஏரிக்கு வரும். ஏரியிலிருந்து வயலுக்குப் பாயும். கரைக்குக் கீழே இருக்கிற குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் அதுதான் ஊற்று.

அந்தக் கால்வாய் ஓரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தவர் பெயர் மாசிலாமணி. பெற்றவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். அவரும் நல்ல மனுஷர்தான். மாதம் தவறாமல் திருமலைக்கு நடந்தே ஏறுவார். சின்னப் பிள்ளைகளைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். பட்டறையில் நூலுக்கு என்ன சாயம் ஏறுகிறது என்பதை ஊர்க்காரர்கள் ஏரியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். கல்யாண மாதங்களில் ஏரி சிவப்பாக இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் நீலம். எருமைகள் முழங்கால்வரை பச்சையாகக் கரையேறும். ஒரு வருஷம் கொக்குகள் ரோஜா நிறத்தில் பறந்தன. திருப்பதியிலிருந்து பறவை ஆர்வலர்கள் பெரிய காமிராக்களோடு வந்து, இப்படி ஒரு கொக்கு இந்தியாவிலேயே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊருக்கே அதில் கொஞ்சம் பெருமை.

ஸ்வர்ணலதாவுக்கு மட்டும் பெருமைப்பட நேரமில்லை. அவள் மகள் ஹரிப்ரியாவுக்குக் கையிலும் கழுத்திலும் சொறி வந்து, இரவும் பகலும் பிராண்டிக்கொண்டிருந்தாள். புத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

“எந்தத் தண்ணியில குளிக்கிறா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஏரித் தண்ணிதான் சார். கிணத்துல வர்றதும் அதே தண்ணிதான்.”

“அப்ப குளிக்க வேணாம்.”

“எத்தினி நாளைக்கு சார்?”

நாலாம் வகுப்பு படிக்கிற பெண்ணை டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார். “வேற ஊருக்குக் கட்டிக்குடுத்துடுங்க. அதுவரைக்கும்.”

ஸ்வர்ணலதா ஊருக்குத் திரும்பி நேரே சாயப்பட்டறைக்குப் போனாள். அவள் டுவாக்ரா என்கிற மகளிர் சுயஉதவிச் சங்கத்துத் தலைவி. கூட்டத்துக்கு வராத பொம்பளைகளை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்து பழகியவள்.

“அண்ணே, உங்க பட்டறைத் தண்ணியால எம் பொண்ணு ஒடம்பு புண்ணாப் பூடுச்சு.”

மாசிலாமணி பதறிப்போய் எழுந்தார். “ஐயையோ, குழந்தைக்கா? உக்காருங்கம்மா, மோர் சாப்பிடுங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எங்க காம்பவுண்டுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அது எங்க தண்ணி. செவுத்தைத் தாண்டிட்டா அது கால்வாய்த் தண்ணி. கால்வாய் கவர்மென்ட்டு. கவர்மென்ட்டுத் தண்ணியை நான் எப்படிம்மா தடுக்கிறது?”

“அப்ப செவுத்தைத் தாண்ட வுடாதீங்க.”

“உள்ளயே வெச்சுக்கிட்டா எங்க வேலைக்காரங்களுக்கு சொறி வருமே!”

மோர் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் பட்டறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சமையலையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வாசல் வழியாக நூல் போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. மாசிலாமணி தினமும் எல்லோருக்கும் மோர் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் தன் நிலத்திலேயே பெரிய பெரிய குழிகள் வெட்டிச் சாயத் தண்ணீரை அதில் விட ஒத்துக்கொண்டார்.

அந்தக் கோடை முழுவதும் ஊரே ஏரிக்குள் இறங்கியது. ஆகாயத்தாமரையைப் பிடுங்கினார்கள். சேற்றை வாரினார்கள். பிளாஸ்டிக் பைகள், பல்லுப்போன சீப்புகள், ஒரு முழு கிரைண்டர் எல்லாம் கிடைத்தன. கிரைண்டர் தங்களுடையது என்று இரண்டு வீட்டார் சண்டை போட்டுக்கொண்டார்கள். போட்டது யார் என்று கேட்டதும் இரண்டு வீட்டாருமே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். கால்வாயை மலைவரை தூர் எடுத்தார்கள். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியபோது தண்ணீருக்கு நிறமே இல்லை. கரையில் நின்றால் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது. கொக்குகள் வெள்ளையாகி, பறவை ஆர்வலர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஹரிப்ரியாவின் கை ஆறியது. ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, “ம்மா, அரிக்கவே இல்ல,” என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். ஸ்வர்ணலதா அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் வெல்லம் போட்டு ஆப்பம் சுட்டுக் கொடுத்தாள்.

இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. தை மாதத்தில் மாசிலாமணி வீட்டுக்கே வந்து கைகூப்பி நின்றார்.

“குழிங்க ரொம்பிடுச்சும்மா. சீசன் வருது. நான் பழையபடி கால்வாயில விட்டுத்தான் ஆகணும். விடக்கூடாதுன்னு கவர்மென்ட்டு ஆர்டர் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க, கட்டுப்படறேன். நான் சட்டத்தை மீறாதவன்.”

ஆகவே ஸ்வர்ணலதாவும், ஊரார் அமைத்திருந்த ஏரிப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் வேங்கடாசலமும் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள். வேங்கடாசலம் குழுவுக்குத் தலைவரானதற்குக் காரணம், அவரிடம் ஏற்கெனவே சால்வை இருந்தது. திருப்பதியில் நீர்நிலை மறுமலர்ச்சி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அதில் ஸ்ரீஹரி என்கிற பொறியாளர் ஏரிகளுக்குப் பாதுகாப்பு வழங்கிக்கொண்டிருந்தார். தெலுங்கில் ஆரம்பித்து, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறுகிற மரியாதைக்காரர். பாதுகாக்கப்பட்ட ஏரி என்று அறிவித்துவிட்டால் மாசிலாமணி என்ன, யாருமே கைவைக்க முடியாது என்று உறுதி சொன்னார். தண்ணீரைச் சோதிக்கத் தானே நேரில் வந்தார்.

ஏரிக்கரையில் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் எடுத்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். முகம் சுருங்கியது.

“ஏமம்மா இது?”

“ஏரித் தண்ணி சார்.”

“பாட்டில்ல ஒண்ணுமே தெரியலையே!”

“ஆமா சார். தெளிவா இருக்குது,” என்றாள் ஸ்வர்ணலதா சந்தோஷமாக.

ஸ்ரீஹரி பாட்டிலை இறக்கினார். துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார். “அம்மா, திட்டத்தோட பேரே ‘மாசடைந்த நீர்நிலைகள் பாதுகாப்பு’. ஏ, பி, சி, டி, ஈ-ன்னு கிரேடு இருக்கு. டி இருந்தா பாக்கலாம். ஈ இருந்தா ஒடனே. உங்களுது ஏ. ஏ-வுக்கு நான் எப்படிப் பாதுகாப்பு குடுக்கிறது?”

“நல்லா இருக்கிறதைத்தானே சார் காப்பாத்தணும்?”

“காதம்மா, அப்படி இல்ல. நல்லா இருக்கிறதுக்கு ஆபத்து இல்ல. ஆபத்து இல்லாததைக் காப்பாத்தினா, எதுலேர்ந்து காப்பாத்தினேன்னு ஆடிட்ல கேப்பாங்க.”

“மாசிலாமணி அண்ணன் பட்டறையிலேர்ந்து சார்.”

“அவரு இப்ப விடறாரா?”

“இல்ல. வுடப்போறாரு.”

“விடட்டும். விட்ட ஒடனே வாங்க. நானே நின்னு பண்ணித் தரேன்.” ஸ்ரீஹரிக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. “சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா. ஈ கிரேடு ஏரி. எப்படிப்பட்ட ஏரி! அநியாயமா கெடுத்துட்டீங்க.”

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அரசுக்குச் சொந்தமான சேற்றை அனுமதியின்றி அப்புறப்படுத்தியது, அரசு நீர்த்தாவரங்களை வேரோடு களைந்தது, நீர்நிலையின் இயல்பான தன்மையை மாற்றியமைத்தது ஆகிய குற்றங்களுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருந்தார்கள். எடுத்த பொருள்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் கருணையோடு பரிசீலிக்கப்படும் என்றும் இருந்தது.

சச்சிவாலயம் என்கிற கிராம அலுவலகக் கட்டடத்தின் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. வேங்கடாசலம் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“இதுல கஷ்டமே இல்ல. அவுங்களுக்கு அழுக்கு வோணும். நம்பகிட்ட அழுக்கு இருக்குது. சார் வர்ற அன்னிக்கு ஒரு நாள் ஏரிய நாற வெப்போம். பாட்டில்ல எடுத்துக்கினு போவட்டும். ஆர்டர் வந்ததும் மறுபடி சுத்தம் பண்ணிக்கலாம்.”

“மாமா, இன்னா பேசறீங்க?” ஸ்வர்ணலதா எழுந்தாள். “ஒரு கோடை பூரா இடுப்பு ஒடிய வாரிக் கொட்டினோமே!”

“வாரத் தெரிஞ்சவளுக்குப் போடத் தெரியாதா? ஆர்டர் இல்லன்னா மாசிலாமணி வருஷம் பூரா வுடுவாரு. ஆர்டருக்காக நாம ஒரு நாள் வுடறோம். எது நல்லது? நீயே சொல்லு.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கடைசியில் ஒரு வழி சொன்னாள். ஏரி முழுக்க வேண்டாம். மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு மூலையில் மண் வரப்பு போட்டுத் தடுத்து, அந்த மூலையை மட்டும் நாற வைப்போம். சாரை அங்கேயே கூட்டிப்போய் பாட்டிலை நனைக்கச் சொல்வோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டெடுப்பு நடந்தபோது அவளும் கையைத் தூக்கினாள். பிற்பாடு அந்தக் கையை அவள் எத்தனையோ தடவை திட்டினாள்.

மாசிலாமணியை அழைக்க வெற்றிலைத் தட்டோடு போனார்கள்.

“ஏரியில சாயம் விடறதா? நானா?” அவர் காதைப் பொத்திக்கொண்டார். “அந்தப் பாவம் வேணாம்னுதானே குழி வெட்டினேன்?”

“ஊரு நன்மைக்காக நைனா,” என்றார் வேங்கடாசலம்.

“கண்டிப்பா ஊரு நன்மைக்குத்தானா?”

“சத்தியமா.”

“எல்லாரும் சேர்ந்து கேக்கறீங்க. முடியாதுன்னு சொன்னா நல்லா இருக்காது,” என்று மாசிலாமணி கண்களைத் துடைத்துக்கொண்டார். இருப்பதிலேயே நல்ல சாயமாக அனுப்பிவைத்தார். குழிகளில் இடம் கிடைத்ததால் கால்வாயில் விடுவதையும் தள்ளிப்போட்டார். அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

பிறகு ஊரின் ஆர்வத்தை யாராலும் அடக்க முடியவில்லை. அதுவரை ஏரியில் குப்பை போட்டவர்கள் விடிவதற்குள் வந்து ஒளிந்து போட்டுவிட்டு ஓடுவார்கள். இப்போது தலைநிமிர்ந்து வந்தார்கள். கோழிக்கடைக்காரர் கூடையோடு வந்தார். மாங்கூழ் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர் பங்காருபாளையத்திலிருந்து அழுகின தோலும் கொட்டையும் இலவசமாகக் கொண்டுவந்து கொட்டினார். பக்கத்து வீட்டு மணியம்மா ஸ்வர்ணலதாவிடம் வந்து, “யக்கா, எங்க வூட்டு பழைய மெத்தைய எடுத்தாரட்டுமா?” என்று கேட்டாள்.

“வேணாம் மணி. போதும்.”

“இல்லக்கா, எங்க பங்குக்கு ஒண்ணுமே போடலன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக்கூடாது பாரு.”

மெத்தை வந்தது.

குறித்த நாளில் ஸ்ரீஹரி வரவில்லை. திருமலைக்கு யாரோ பெரிய மனிதர் தரிசனத்துக்கு வந்துவிட்டார். ஏரி அதிகாரிகளையெல்லாம் வரவேற்பு டூட்டிக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அதற்குள் மூலையில் சாயம் வெளுத்துவிட்டதால் மறுபடி ஊற்ற வேண்டியிருந்தது. அடுத்த வாரம் பெரிய மனிதரின் மாமியார் வந்தார். அதற்கடுத்து பாட்டில்கள் ஸ்டாக் இல்லை. சுத்தத்தைப் பராமரிப்பதைவிட அழுக்கைப் பராமரிப்பது எத்தனை கஷ்டமான காரியம் என்பதை ஊர் அப்போதுதான் உணர்ந்தது. தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வடக்குத் தெருக்காரர்கள் தங்கள் முறையில் சரியாக நாற விடவில்லை என்று தெற்குத் தெருக்காரர்கள் பஞ்சாயத்து வைத்தார்கள்.

ஸ்வர்ணலதா தினமும் போய் வரப்பைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு பக்கம் தெளிந்த தண்ணீர், ஒரு பக்கம் சாக்கடை, நடுவில் ஒரு முழ அகல மண். எங்கேயாவது கசிந்தால் சேற்றை அள்ளி அப்புவாள்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கடலில் புயல் என்று டி.வி.யில் சொன்ன அன்று மதியமே வானம் இருண்டுவிட்டது. கொட்டிய கொட்டில் கால்வாய் புரண்டு வந்தது. ஸ்வர்ணலதா கோணிப்பைகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். மணியம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். இடுப்புத் தண்ணீரில் நின்று மண்மூட்டை மேல் மண்மூட்டையாக அடுக்கினார்கள். வரப்பு காலடியிலேயே கரைந்தது. சிவப்பும் நீலமும் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக, அவசரமே இல்லாமல், ஏரிக்குள் போயின. மெத்தையும் மிதந்து போயிற்று.

“வுட்டுடு யக்கா, பூடுச்சு,” என்று மணியம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். ஸ்வர்ணலதா கையிலிருந்த மண்மூட்டையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மழையில் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

வானம் வெளுத்ததும் ஸ்ரீஹரி வந்தார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். வெயில் அதற்குள் நுழையப் பார்த்து, முடியாமல் திரும்பியது.

“பலே!” என்றார். ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு ஜீப்வரை போய்வந்தார். “ஈ கிரேடு அம்மா! கொக்குகூட வரலை, ஈ மட்டும்தான் வருது! ஜில்லாவுல இப்படி ஒரு ஏரி கிடையாது.”

பாதுகாப்பு ஆணை ஒரே வாரத்தில் வந்தது. ஆணையோடு ரமணா என்கிற ஏரி அழகியல் ஆலோசகரும் வந்தார். கைத்தறி ஜிப்பா, மூங்கிலில் செய்த தண்ணீர் பாட்டில். ஏரியின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டு, “இந்த ஏரிக்கு ஒரு கதை இருக்கு, அதை நாம சொல்லணும்,” என்றார். கரையைச் சுற்றி நடைபாதை போட்டார்கள். ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி. ஆளுயர இங்கிலீஷ் எழுத்தில் ஊரின் பெயர், நடுவில் சிவப்பு இதயம், அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ள ஒரு மேடை. ஏரி நடுவில் நீரூற்று. அது ஏரித் தண்ணீரையே உறிஞ்சி மேலே வீசியதால் கலர் விளக்கு போடவேண்டிய தேவை இருக்கவில்லை. அதில் மிச்சமான தொகையை ஸ்ரீஹரி சிக்கன நடவடிக்கையாகக் காட்டினார்.

திறப்பு விழாவில் வேங்கடாசலத்துக்கு ஒரு சால்வை கிடைத்தது. மாசிலாமணிக்கு அதைவிடப் பெரிய சால்வை கிடைத்ததில் அவருக்கு வருத்தம். விழா முடிந்ததும் ஸ்வர்ணலதா ஸ்ரீஹரியிடம் போனாள்.

“சார், ஆர்டர் வந்துடுச்சு. பட்டறைக் குழாய எப்ப அடைக்கிறீங்க?”

“அடைக்கிறதா?” ஸ்ரீஹரி திடுக்கிட்டார். “அம்மா, பாதுகாக்கப்பட்ட ஏரிக்கு வர்ற எந்த வரத்தையும் யாரும் தடுக்கக் கூடாது. அதுதான் ஆர்டர்ல முதல் விதி.”

“அது வரத்து இல்ல சார், சாயம்!”

“வரத்துல கலர் பாக்கக் கூடாதம்மா. மழைத் தண்ணி வந்தாலும் வரத்துதான், மாசிலாமணிகாரு விட்டாலும் வரத்துதான். அவரு குழி வெட்டித் தடுத்தாரே, அதுவே தப்பு. நோட்டீஸ் குடுத்திருக்கேன், குழியெல்லாம் மூடச் சொல்லி.”

“அப்ப நாங்களே எறங்கி சுத்தம் பண்ணிக்கறோம்.”

“பாதுகாக்கப்பட்ட ஏரிக்குள்ள எறங்கினா கேஸ்.”

“எங்களுக்கு இந்தப் பாதுகாப்பே வேணாம் சார். எடுத்துடுங்க.”

“எடுக்கலாமே,” என்றார் ஸ்ரீஹரி அன்பாக. “ஏ கிரேடு வந்துச்சுன்னா தானா எடுத்துடும்.”

ஸ்வர்ணலதா சங்கத்துப் பெண்களைக் கூட்டினாள். வேலியைப் பிரித்துக்கொண்டு இறங்கிவிடலாம், கேஸ் போட்டால் போடட்டும் என்றாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை.

“செய்யலாம்கா,” என்றாள் மணியம்மா. “இப்ப சாயங்காலத்துல யாருக்கும் ஒழியறதில்ல. எல்லாரும் வாக்கிங் போய்க்கினு இருக்காங்க. நீயும் வா, நடந்துக்கினே பேசலாம்.”

அது உண்மைதான். காலையிலிருந்து கழனியில் குனிந்து நிமிர்ந்தவர்களும் சாயங்காலம் புது ஷூ போட்டுக்கொண்டு, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றினார்கள். எத்தனை அடி நடந்தோம் என்று போனில் பார்த்து ஒருவரோடொருவர் போட்டி போட்டார்கள். நகரியிலிருந்து புது ஜோடிகள் வந்து நீரூற்றின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேன் வேன் வந்தது. கிணற்றைப் பார்ப்பாரில்லை. பாதிப் பேருக்குச் சொறி வந்துவிட்டதால் முழுக்கை ரவிக்கை புது ஃபேஷனாகிவிட்டது. புத்தூர் டெய்லர்கள் அதற்கு இலுப்பைக்குப்பம் கை என்றே பெயர் வைத்தார்கள். ஹரிப்ரியாவும் முழுக்கைச் சட்டைதான் போட்டாள். சட்டைக்குள் பழைய புண் திரும்பியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சத்தியவேடு பக்கம் புங்கமேடு என்கிற ஊரிலிருந்து வீராசாமி என்கிற பஞ்சாயத்துத் தலைவர், ஊர்ப் பெரியவர்களோடு காரில் வந்து இறங்கினார். நடைபாதையில் ஒரு சுற்று சுற்றினார்கள். இதயத்தின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். பிறகு ஸ்வர்ணலதா வீட்டுக்கு வந்தார்கள்.

“இதை மொதல்ல ஆரம்பிச்சது நீங்கதான்னு சொன்னாங்க,” என்றார் வீராசாமி பயபக்தியோடு. “எங்க ஏரிக்கும் இந்த மாதிரி வோணும்மா. நீங்க வந்து ஒரு தடவை பாத்து, இன்னா போடணும், எவ்ளோ போடணும்னு சொல்லணும்.”

ஸ்வர்ணலதா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழியை, வரப்பை, மழையை, வரத்தை, மகளின் கையை. எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். அவள் முடித்ததும் வீராசாமி கேட்டார்: “அந்த மாங்கொட்டை லாரிக்காரர் நம்பர் கெடைக்குமா?”

அவள் அந்த நம்பரைக் கொடுக்கவில்லை. “நான் வரேன். நான் பாத்துட்டுச் சொல்ற வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிப்ரியாவையும் கூட்டிக்கொண்டு போனாள். புங்கமேட்டில் ஊரே கரையில் திரண்டிருந்தது. ஏரி காற்றில் லேசாகச் சிலிர்த்துக்கொண்டு, வானத்தை அப்படியே வைத்துக்கொண்டு கிடந்தது. அடியில் மீன் போவது தெரிந்தது. படியில் ஒருத்தி குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா,” என்றார் வீராசாமி கூச்சத்தோடு. “இப்போதைக்கு வெறும் தண்ணியாத்தான் இருக்குது. டைம் குடுத்தீங்கன்னா சரிபண்ணிடலாம். அதோ அந்த டிராக்டர்ல எல்லாம் ரெடியா இருக்குது.”

கரைமேல் டிராக்டர் நின்றது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் மண்வெட்டியோடு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வர்ணலதா படியில் இறங்கினாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினாள். மோந்தாள். சட்டென்று புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, பின்னால் சாய்ந்து மகளின் தோளைப் பிடித்தாள்.

“ஐயோ சாமி! இன்னா நாத்தம் இது!”

மண்வெட்டிக்காரர்கள் இருவரும் ஒரு அடி பின்வாங்கினார்கள்.

“இதுலயா இத்தினி நாளா குடிச்சுக்கினு இருந்தீங்க? எங்க ஏரி எவ்ளோவோ தேவலாம். இதுக்கு மேல ஒரு பிடி போட்டாலும் அதிகாரிங்க கிட்டயே வரமாட்டாங்க. டிராக்டரைத் திருப்புங்க. இது ஈ-க்கும் கீழ.”

வீராசாமியின் முகம் மலர்ந்தது. “நெஜமாவா?”

“நான் பாத்ததுலயே இதுதான் மோசம்.”

முதலில் வீராசாமி துண்டால் மூக்கைப் பொத்தினார். பிறகு பெரியவர்கள். பிறகு கரை முழுக்க. “நான் அப்பவே சொல்லிக்கினு இருந்தேன், ஒரு வாடை வருதுன்னு,” என்றார் ஒருவர். “எனக்குப் பொறந்ததுலேர்ந்தே தெரியும்,” என்றார் இன்னொருவர். குடத்தில் மொண்டவள் தண்ணீரைக் கீழே கவிழ்த்துவிட்டு, வாந்தி வருவதாகச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். ஒரு கிழவர் தன் வயிற்றுவலிக்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். டிராக்டர் திரும்பிப் போயிற்று. ஸ்வர்ணலதாவுக்கு அவர்கள் சால்வை போர்த்தினார்கள்.

மறுநாளே புங்கமேட்டுக்கும் கேன் வேன் வர ஆரம்பித்தது. ஏரிக்குப் பாதுகாப்பு கேட்டு ஊர்க்காரர்கள் திருப்பதிக்கு எழுதிப் போட்டுவிட்டு, இன்றோ நாளையோ என்று காத்திருக்கிறார்கள். அதுவரை யாரும் அந்தப் பக்கம் போவதில்லை; மாடுகளைக்கூட ஓட்டிப்போவதில்லை. எதுவும் போடுவதுமில்லை. ஏற்கெனவே நாறுவதில் எதற்கு வீணாகப் போட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்வர்ணலதா மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அங்கே போகிறாள். ஹரிப்ரியா முழுக்கைச் சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, கழுத்துவரை இறங்கி நிற்பாள். கரையில் யாராவது தலை காட்டினால் அம்மா இருமுவாள். உடனே மகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இன்னொரு கையால் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டே இருப்பாள்.